பூச்சியத்தில் ஏறியவ

கஸ்தூரியார் வீதியில்
மருந்துக்கடைக்கு மேல்மாடி வகுப்பு.
பதினொரு பேர்.
பத்துப் பேர் ஏ.எல். எழுதிவிட்டு
மறுமொழிக்குக் காத்திருக்கிற பிள்ளைகள்.
மற்றது நான்,
சட்டைப் பொக்கற்றில் ரிக்கற் கட்டோடு.

"தெரிஞ்ச வரிசை ஏதாவது ஒண்டை
அணியா எழுதுங்கோ" என்றா துசாந்தினி மிஸ்.
என்னைவிடப் பதினாறு வயது குறைவு.
பக்கத்துப் பெடியன் கிரிக்கெட்காரரை எழுதினான்.
எனக்குத் தெரிந்த வரிசை ஒன்றுதான்:

யாழ்ப்பாணம், இருபாலை, கோப்பாய், நீர்வேலி,
புத்தூர், ஆவரங்கால், வல்லை,
நெல்லியடி, மந்திகை, பருத்தித்துறை.

சதுர அடைப்புக்குள் பத்து ஊர்.
இடையில் ஒவ்வொரு காற்புள்ளி,
பிறேக் பிடித்து எடுக்கிற நேரம்.

முதலாவதுக்கு இலக்கம் பூச்சியமாம்.
சிரிப்பு வந்தது.
பிறகு யோசித்தேன்,
ஸ்ராண்டில் நிற்கிற பஸ்
இன்னும் ஒரு முழமும் ஓடவில்லைத்தானே.

ஊரின் பேரைச் சொல். அடுத்ததுக்குப் போ.
இதற்குப் பேர் வளையம்.
இருபது வருசமாய் மிதிபலகையில் தொங்கி
நான் செய்கிற வேலைக்கு
இப்படியொரு பேர் இருந்திருக்கிறது.
ஆனால் 'அடுத்ததுக்குப் போ' என்ற வரியை
எழுத மறந்துபோனேன்.

யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம்
யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம்
திரை நிரம்பி வழிந்தது.
ஆள் சேரும்வரை எடுக்காமல்
கத்திக்கொண்டு நிற்கிற எங்கட பஸ்சேதான்.
"எடுங்கோவன் அண்ணை!" என்றது பின் வாங்கு.
பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள்,
நானுந்தான்.

திருத்தினேன். ஓடியது.
பத்து ஊர்தானே என்று
பத்தாம் இலக்கத்தைக் கேட்டேன்.
எல்லைக்கு வெளியே, என்றது சிவப்பெழுத்து.
சரிதான்.
ஒன்பதில் பருத்தித்துறை.
அதுக்கங்கால கடல்.
எங்கட ரட்ணசோதி அண்ணைக்கும்
அங்கே போட கியர் இல்லை.

வீட்டுவேலை:
ஏதாவது ஒரு கணக்கைக் கூட்டி வரவேணும்.
காலை ஆறரை பஸ்சை எழுதினேன்,
சீற் சீற்றாய், அவரவர் கொடுத்த ரிக்கற் காசு.
பைக்குள் இருந்ததை மேசையில் எண்ணி வைத்துவிட்டு
வளையத்தை ஓடவிட்டேன்.

ஐந்நூறு ரூபா இடித்தது.
ஒரு முழுத் தாள்.

இரவு பதினொன்றரைக்குத்தான் கண்டேன்,
ஒன்றிலிருந்து கூட்டியிருக்கிறேன்.
பூச்சியத்தை விட்டுவிட்டேன்.
முன் சீற், யன்னல் கரை.
மந்திகைக்கு நூற்றியெண்பது.

அதைச் சேர்த்தும்
பையில் முந்நூற்றியிருபது கூடவே நின்றது.

வளையத்தில் பிழை இல்லை.
மூன்று முறை பார்த்தேன்.
பிறகுதான் அந்த முகம் வந்தது.
பெரியாஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து
பஸ் எடுக்க முன்னமே ஏறிக் குந்துகிறவ.
தாளை நீட்டினா.
"மாத்தின காசில்லை, பிறகு தாறன்" என்று
ரிக்கற்றின் முதுகில் எழுதிக் கொடுத்தேன்.
இருபாலைக்கு முன்னமே நித்திரை.
மந்திகையில் திடுக்கிட்டு எழும்பி
பையை இழுத்துக்கொண்டு இறங்கினா.
நான் அப்போது
"பருத்துறை, பருத்துறை" என்று
அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

மிஸ் நேற்றுச் சொல்லித்தந்த மற்ற வளையம்:
எத்தனை தரம் என்று தெரியாவிட்டால்
'இது நடக்கும்வரை' என்று எழுதலாம்.

முந்நூற்றியிருபது ரூபாயை
றப்பர் பான்ட் போட்டுத் தனியே வைத்திருக்கிறேன்.
ஆறரைக்கு முதல் முன் சீற்றைப் பார்க்கிறேன்.
திங்கள், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை.
செவ்வாய், வாழைக்குலையோடு ஒருவர்.
புதன், யாருமில்லை.

வேலை முறை மாறியிருக்கும்.
இன்றைக்கு வியாழன்.
ரட்ணசோதி அண்ணை ஹோர்ன் அடிக்கிறார்.