நூற்று நாற்பது மீட்டர்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் என் வேலை
ஒருவர் வாயிலிருந்து சொல்லை வாங்கி
இன்னொருவர் காதில் ஊற்றுவது.
இருபத்தோரு வருஷம். அதிகம் சிந்தியதில்லை.

இன்று குணசீலன் வழக்கு.
தவுக்கே கடையில் மூன்று பாட்டில் ஸ்டவுட்,
அதற்கு மேல் சம்சு, கணக்கு நினைவில்லை.
டவுனிலிருந்து ஆறு கிலோமீட்டர்
பிக்கப்பில் ஒரு கீறல் விழாமல் ஓட்டி வந்து
புக்கிட் செந்தாங் தோட்டத்து பாலாங்கைத் தாண்டி
நூற்று நாற்பது மீட்டரில்
இருதயமேரியின் இடுப்பை உடைத்தான்.

குடித்ததை மறுக்கவில்லை. இடித்ததையும்.
அவன் வக்கீல் கேட்பது ஒன்றுதான்:
அது சாலையா?

கேட்டில் பலகை இருக்கிறது.
தனியார் நிலம். அத்துமீறி நுழையாதீர்.
பொதுமக்கள் புழங்காத இடம்
சட்டத்தின் கண்ணுக்குச் சாலை இல்லையாம்.
சிவப்பும் வெள்ளையும் அடித்த ஓர் இரும்புக் குழாய்,
ஒரு முனையில் சிமெண்டு நிரப்பிய பெயின்ட் டின்.
அதற்கு வெளியே குற்றம்.
அதற்கு உள்ளே வெறும் விபத்து.

ஜாகா முத்துவீரனைக் கேட்டார்கள்,
யார் யார் உள்ளே வருவார்கள் என்று.
விரல் மடக்கினான்.
ரொட்டிக்காரன், புவான். மீன் வேன். பள்ளிக்கூட பஸ்.
ஆலோங் ஆளுங்க, மாசம் ரெண்டு தடவ.
எலெக்‌ஷன் வந்தா கொடி கட்டின காருங்க, அரிசி மூட்டையோட.
வழி தப்பின கிராப்.
போன வருஷம் ஒரு யானை.
அது கேட்டுட்டு வரல.
கோர்ட் சிரித்தது.
யானையையும் மொழிபெயர்த்தேன்.

பிறகு வக்கீல் ஒரு கடிதத்தை நீட்டினார்.
தார் வேண்டும், ரெண்டு விளக்காவது வேண்டும் என்று
லயத்துச் சனங்கள் கொடுத்த மனுவுக்கு
மாவட்ட மன்றத்தின் பதில்:
தாங்கள் குறிப்பிட்ட இடம் சாலை அல்ல.
மனுவும் இணைப்பில் இருந்தது.
எழுபத்து மூன்று கையெழுத்து.
பன்னிரண்டாவது இருதயமேரி, கோணலாக.
முப்பத்தாறாவது குணசீலன், அடியில் கோடு போட்டு.
சாலைதான் அது என்று அன்றைக்குக் கோடு போட்டவன்
இன்று கூண்டில்
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறான்.
பொத்தான் கையோடு வந்துவிட்டது.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

அவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
எங்கே நின்றிருந்தீர்கள்?
ரோட்டுலதான்.
ஜாலான், என்றேன்.

வக்கீல் எழுந்தார்.
அது சாட்சியின் சொல்லா,
மொழிபெயர்ப்பாளர் கொடுத்த சொல்லா?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பாதை, தடம், வழி, செம்மண் வரப்பு
எல்லாம் நாக்கில் வந்து நின்றன,
சம்பள நாள் வரிசைபோல.
மலாயில் ஜாலான் என்றால் சாலை.
நட என்றாலும் ஜாலான்தான்.
எனக்கு அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை.

அவள் வாக்கரைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.
ரோட்டுலன்னுதானே சொன்னேன்,
அதுல என்னா தப்பு?

அதையும் மொழிபெயர்த்தேன்.

மத்தியானம் இடத்தைப் பார்க்கப் போனோம், மூன்று வண்டி.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரே ஒதுங்கியது.
எங்களுக்கு முன்பே மோட்டாரில் வந்துவிட்ட முத்துவீரன்
ஹாரன் அடிக்கும் முன்னே குழாயைத் தூக்கினான்.
யார், எதற்கு என்று கேட்கவில்லை.
நோட்டில் நம்பர் எழுதவில்லை.
மாஜிஸ்திரேட் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வக்கீலின் கார் கண்ணாடி கறுப்பு.
எங்களுக்குப் பின்னால் ஐஸ்கிரீம்காரன் ஒருவன்
மணியடித்தபடி நுழைந்தான்.

நான் பார்த்தேன்.
மொழிபெயர்ப்பாளர் சாட்சி இல்லை.