கால் சுற்று

டெக்ஸஸில் பனியா என்று சிரித்தவர்கள்தான்
எனக்கு முன்னால் வரிசையில் நின்று
கடையின் கடைசி ரொட்டியையும் எடுத்துப் போனார்கள்.
மிச்சம் இருந்தவை என் வண்டிக்கு வந்தன:
பீன்ஸ் டப்பா பதினொன்று,
யாரும் தொடாத இளநீர் ஒரு பெட்டி,
தடித்த பேட்டரி எட்டு.
எங்கள் வீட்டு டார்ச்சுக்கு
மெலிந்த பேட்டரிதான் போட வேண்டும் என்பது
இருட்டிய பிறகு தெரிந்தது.

"ஒரு படைக்கே சோறு போடலாம் போலிருக்கே"
டல்சாவில் மாட்டிக்கொண்ட கணவர்
போனில் சிரித்தார்.
சிரிக்கட்டும்.
குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன்.
சமையலறைக் குழாயைச் சொட்டவிட்டேன்.
வெளிக்குழாய்க்குப் போர்த்த ஒன்றும் அகப்படாமல்
அவருடைய கல்யாண வேட்டியை எடுத்து
நாலு மடிப்பாகச் சுற்றி
மேலே குப்பைப் பை போட்டுக் கட்டினேன்.
அந்த வேட்டி நழுவாமல் நின்ற ஒரே இடுப்பு அதுதான்.

இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
பேசும் கரடியின் முதுகைத் திறந்து
பேட்டரிகளைப் பிடுங்கினேன்.
"செத்துடுச்சா?" என்றாள் ஆதிரை.
"தூங்குது."
"அப்போ அதுக்கும் போர்வை வேணும்."
மூன்று கம்பளிக்குள்
மூன்று பேர் படுத்தோம்.

விடியும் முன்
கூரைக்குள் யாரோ அரிசி கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.
பிறகு ஹால் விளக்கைச் சுற்றிச் சுவர் வியர்த்தது.
பிறகு
அது வியர்வை இல்லை.

ஒன்பது வருடம் இந்த வீட்டில்.
எந்த ஜன்னல் காற்றில் முனகும்,
எந்தக் கதவை முழங்காலால் இடித்தால் திறக்கும்,
வங்கிக்கு இன்னும் எத்தனை தவணை
எல்லாம் தெரியும்.
தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

கூச்சல் கேட்டு
எதிர்வீட்டு மாரிபெல் ஓடிவந்தாள்,
இரவு உடையும் கணவனின் பூட்ஸும் ஒரு குறடுமாக.
அவளுக்கும் தெரியாது.
தெருவோரம் எங்கோ ஒரு மூடி உண்டு,
மீட்டர் பார்க்கிறவன் குனிவதைப் பார்த்திருக்கிறேன் என்றாள்.
அந்த ஒரு குனிவை நம்பி
புல்வெளியில் மண்டியிட்டு
புதைத்த எலும்பை மறந்த நாய்கள்போல்
பனியைத் தோண்டினோம்.
தோசைத்திருப்பியால் நெம்பித் திறந்தோம்.
உள்ளே சேறு,
எங்களைப் பொருட்படுத்தாத ஒரு தவளை,
ஒரு பித்தளைத் திருகு.
கால் சுற்று.
வீட்டுக்குள் பெய்த மழை நின்றது.

அவள் வீட்டில் இன்னும் ஒன்றும் உடையவில்லை.
அதையும் மூடினோம்.
பிறகு ஏனோ நிற்கத் தோன்றாமல்
பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு.
மூலைவீட்டு வெய்ன்,
ஜெனரேட்டரும் ஆறு மாதத்து உணவும்
பூட்டிய அலமாரி நிறையத் துப்பாக்கியும் உள்ளவர்,
கதவைத் திறந்து எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு
மெதுவாகக் கேட்டார்:
"எந்த மூடி?"

அன்று பகல்
என் குளியல் தொட்டியிலிருந்து
நாலு வீட்டுக் கழிப்பறைக்கு வாளி போனது.
கற்பூரம் ஏற்றும் தீப்பெட்டி
ஒவ்வொரு காஸ் அடுப்பாகப் போய்
இரண்டு குச்சியோடு திரும்பி வந்தது.
வெய்னுக்கு ரசம் காரமாக இருந்தது.
இன்னொரு கோப்பை கேட்டார்.

அலமாரிக் கதவின் உள்பக்கம்
மார்க்கரால் எழுதிவைத்தேன்:
தபால்பெட்டியிலிருந்து ஏழு அடி,
ஓக் மரத்தைப் பார்த்து.
வலப்பக்கம் கால் சுற்று.
தவளை இருந்தால் பயப்படாதே.
ஆதிரை படித்துவிட்டு
அடியில் தவளையை வரைந்தாள்.

நாலாம் நாள் வந்த கணவர்
நனைந்த கூரையை அண்ணாந்து பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
என்ன சொல்வதென்று தெரியாமல்
"என் வேட்டி எங்கே?" என்றார்.
வீட்டின் வடக்கு நிழலில்
பலகைபோல் விறைத்து
விரிசல் இல்லாத ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு நின்றது.
"ஞாயிற்றுக்கிழமைவரை குளிராம்" என்றேன்.
"அதுவரைக்கும் அதுக்கு டூட்டி."