முப்பதா எண்பதா

குடலை வெட்டித் தைக்க மூணு மணி நேரம்.
அதற்கு முன்னால் ஒரு கவரைப் பிரித்தார்களாம்,
எனக்கு முப்பதா எண்பதா என்று.
காற்றில் எத்தனை பங்கு ஆக்சிஜன் என்பது
மயக்க டாக்டருக்கு மட்டும் தெரியும்.
கையெழுத்துப் போட்டவன் நான்.
சோமனூர்த் தறிக்குடோனில் இருபத்தாறு வருசம்
பஞ்சோடு சேர்த்து இழுத்த காற்றுக்கு
யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை.

தலைமாட்டில் பாட்டில் தண்ணீர் கொப்புளித்தது.
தறி ஓடுதென்று
அரை மயக்கத்தில் அறுந்த பாவைத் தேடினேனாம்.
"கையை எடுங்ணா, அது ஆக்சிஜன் டியூப்புங்"
என்றாளாம் ஜெசிந்தா சிஸ்டர்.

தலையணையை வயிற்றோடு அணைத்து
இருமச் சொன்னாள். இருமினேன். உயிர் போய் வந்தது.
உறிஞ்சுகிற குழலில் மூன்று பந்து,
இரண்டுதான் எழும்பியது.
மூன்றாவதுக்குத் தெய்வாத்தாள்
பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்க மூச்சிழுத்தாள்,
வெறும் வாயால்.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். சீழில்லை.
எதிர்க்கட்டில் குருநாதனுக்கு
கட்டு இன்னும் நனைகிறது.
"அவருக்கு முப்பதுங்களா?"
டாக்டர் சிரிக்கவில்லை.
"எனக்கே தெரியாது.
எல்லாரையும் எண்ணி முடித்த பிறகுதான்."

பஸ்ஸில் ஜன்னலோரம்.
கருமத்தம்பட்டி தாண்டியதும் பஞ்சு வாசம்.
இதில் எத்தனை பங்கோ.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
இழுத்தேன்.