சராசரி மணிக்கட்டு

பீல் நகரம், பிப்ரவரி, மூன்றாம் மாடி.
கணக்குப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள்,
புது மாதிரி வரும்போதெல்லாம்.
என் மணிக்கட்டு பதினேழு சென்டிமீட்டர்:
அவர்கள் வாடிக்கையாளரின் சராசரி.
மற்றபடி நான் அவர்கள் வாடிக்கையாளரே இல்லை.

சோலாஞ்ச் சாம்பல் தட்டில் வைத்து நீட்டுகிறாள்.
பழையதைவிட இரண்டு மில்லிமீட்டர் மெலிவு.
சட்டைக் கையைக் கிழித்த அந்தக் கொம்புகளைக் காணோம்.
முள் கிடையாது. எண்வட்டம் கிடையாது.
நீலக் கண்ணாடிக்கடியில் மூன்று உருளைகள்
ஒன்றையொன்று முந்தாமல்,
பனியில் ஊரும் பேருந்துகள் மாதிரி.

"முதலில் என்ன தோன்றுகிறது? யோசிக்காமல் சொல்லுங்கள்."

ஜில்லென்று இருக்கிறது, என்றேன்.
டைட்டானியம், என்று எழுதிக்கொண்டாள்.
எடையே இல்லை.
அதற்கும் ஒரு டிக்.
அப்புறம், கொஞ்சம் கூச்சத்தோடு:
மணி என்னவென்று தெரியவில்லை.

பேனா நின்றது.
என் கையைப் பிடித்துத் திருப்பினாள்,
விளக்கடிக்குக் கொண்டுபோனாள், ரெட்டோவைக் கூப்பிட்டாள்.
ரெட்டோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
பத்தேகால், என்றான்.
பத்தேமுக்கால், என்றாள் இவள்.
உருளையை வரைந்தவன் அவன்; நிறம் தேர்ந்தவள் அவள்.

அவர்கள் வாதாடி முடிக்கும்வரை
கை என்னுடையதாக இல்லை.
என் நாடிமேல் அது விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது,
என் மூன்று வருடச் சம்பளம்,
யாருக்கும் பதில் சொல்லாமல்.
அழகாக இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

கழற்றியபோது தோலில் ஒரு வட்டத் தடம்,
நடுவில் தலைகீழாக வரிசை எண்: பூஜ்யம், பூஜ்யம், ஒன்று.
மத்தியானம் உணவகத்தில்
சட்டைக் கையை நான் இறக்கிவிடவில்லை.