முப்பத்திரண்டில் ஒன்று

ஈரம் பதினெட்டரை.
இறங்கட்டும், அதுவரை கோதுமையைத் தொடாதீர்கள்
என்று சொல்லிவிட்டுப் போனார் பிராக்கன்பரி.
உலர்த்தும் கொட்டகை அவருடையது,
நிலம் அவருடையது,
வானத்துக்குத்தான் பட்டா வாங்கவில்லை.

ஆகவே லிங்கன்ஷையரின் இந்த ஆகஸ்ட் காலையில்
ட்ரெய்லர் ஓட்டும் நானும்
அறுவடை எந்திரம் ஓட்டும் கிளைவ் ஓட்லிங்கும்
அவன் சமையலறையில் தேநீரோடு உட்கார்ந்து
எந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கண்ணாடி அலமாரிக்குள் நாற்பத்தொன்று.
கலப்பை, விதைப்பான், உருளை,
வைக்கோல் கட்டுகிற வண்டி,
முயல் பல்லளவு விளக்குகளோடு டிராக்டர்கள்.
அட்டைப்பெட்டியைப் பிரித்தால் பாதி விலை போச்சு என்பார்கள்
சேகரிக்கிறவர்கள்.
கிளைவ் எல்லாவற்றையும் பிரித்துவிட்டான்.
"பெட்டிக்குள்ளேயே கிடக்க
அது வண்டியா, பிணமா?"

கணக்கு அவனுக்கு விரல்நுனியில்.
முப்பத்தைந்தடி வெட்டுமுகம் பதின்மூன்று அங்குலம்.
இன்று நாங்கள் வெட்டாமல் நிற்கும் நாற்பது ஏக்கர்
சுருக்கினால் நாலு சென்ட்கூடத் தேறாது.
"நாலு சென்டில் மழை எப்படிப் பெய்யும்?"
"கெட்டில் மூடியிலிருந்து" என்றான்,
சிரிக்காமல்.

கீழ்த்தட்டில் ஒன்று மட்டும் கறுப்பு.

அதை நான் முழு அளவில் பார்த்திருக்கிறேன்.
போன வருடம், பார்லி, பிற்பகல் மூன்றரை.
வலப்பக்கத்து பேரிங் ஒன்று காய்ந்து சிவந்து
உமியிடம் ஏதோ சொல்லியிருக்கிறது.
ரேடியோவில் அவன் குரல்:
"டெஸ், ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு தள்ளிப் போ."
தீ என்ற சொல்லை அவன் சொல்லவே இல்லை.
ஏணியில் ஒரு படியும் மிதிக்காமல் இறங்கினான்.
பக்கத்துப் பண்ணை சார்டெஸன்
கலப்பையோடு பாய்ந்து வந்து
தீயைச் சுற்றி மண்ணைப் புரட்டிப் போட்டார்.
உள்ளே டயர்கள் வெடித்தன.
நான் எண்ணினேன்.
நாலுக்கு மேல் இருக்காது என்று தெரிந்தும்
ஐந்துக்குக் காத்திருந்தேன்.

இன்ஷூரன்ஸ் புது வண்டி தந்தது.
அதே நிறம், கூடுதல் திரைகள்,
இருக்கை மெத்தென்று இருக்கிறதாம்.

நவம்பரில் ஒரு கண்காட்சியில்
பழையதன் மாதிரியைத் தேடிப்பிடித்தான் கிளைவ்.
நூற்றுப்பத்து பவுண்டு; மனைவியிடம் எண்பது.
பளபளவென்று இருந்ததை
மூன்று வாரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின்,
கோந்தில் சாம்பல் குழைத்து
ஒற்றைமயிர்த் தூரிகையால் எரித்தான்.
அது அந்த வண்டியின் சல்லடையிலிருந்து
அவன் வழித்தெடுத்து
ஜாம் பாட்டிலில் வைத்திருந்த சாம்பல்.
டயர்களை மெழுகுவத்தியில் வாட்டினான்.
ஓட்டுநர் கதவை மட்டும் திறந்தே விட்டிருக்கிறான்.
உள்ளே ஆளில்லை என்று
பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும்.

"தொட்டியைப் பார்" என்கிறான் இப்போது.
குனிந்து பார்க்கிறேன்.
ஒரு மணி பார்லி, ஓரம் கருகியது.
"இதை மட்டும் சின்னதாகச் செய்ய முடியவில்லை.
இந்த அளவுக்கு இது
முழு ரொட்டி நீளம்."
விரலால் அதை நகர்த்தப் போய்
நகர்த்தவில்லை அவன்.

போன் அடிக்கிறது.
பதினாறு. போதும், வாருங்கள்,
நாளைக்கு மழையாம்.
தேநீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கிளம்புகிறோம்.

புது எந்திரத்தில் ஏறும் முன்
வலப்பக்கத் தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இன்னும் ஓடவே தொடங்காத எந்திரம்.
அது எப்படிச் சுடும்?
நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரவு பத்தேகாலுக்கு, பனி இறங்குமுன்,
கடைசிக் கீற்றை வெட்டுகையில்
அதற்குள்ளிருந்து முயல் ஒன்று
விளக்கு வெளிச்சத்தில் பாய்ந்து ஓடியது.
முழு அளவு முயல்.
ரேடியோவில் கிளைவ் "ஹா" என்றான்.