இரண்டு அடுக்கு

வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு
இஸ்திரி மேசைமேல் பரப்பிவிட்டாள் மாரிகா
பதினோரு தாள்கள்.
தார்த்து நகரத்து ஆற்றில்
மார்ச்சிலும் பனிக்கட்டி.

இதில் கொசுறுச் சுரங்கள் அதிகம்,
சட்டென்று ஊமையாகும் ஹார்ப்சிகார்டுக்கு
முட்டுக்கொடுக்க எழுதியவை.
பியானோவுக்கு மூச்சு நீளம்.
இது எல்லாரும் வாசிப்பது.
இதில் இடக்கை வலக்கையைத் தாண்டிக் குதிக்கணும்;
"என் வயிறு சம்மதிக்காது."

கடைசித் தாள்
இரண்டு அடுக்குக் கட்டைகளுக்கானது.
பியானோவின் ஒற்றை அடுக்கில்
இரு கையும் ஒரே கட்டைக்கு வந்து
முட்டிக்கொள்கின்றன,
குறுகிய படிக்கட்டில்
ஏறுபவரும் இறங்குபவரும் போல.

யார் ஒதுங்குவது?

ஏழு முறை வாசித்தாள்.
எட்டாவதில் வலக்கை
அந்தச் சுரத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக்
காற்றில் நின்றது, ஒரு கணம்.

பென்சிலால் வட்டமிட்டு
"இதுதான்" என்றாள்.
பக்கம் புரட்டும் நான்
அந்த இடத்தில் தும்மக் கூடாதாம்.