மணம் நிற்கும் நேரம்

கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியில்
ஜீப்பை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
ஏலத்தோட்ட வேலைக்குப் பதினான்கு பேர் ஏறிய வண்டி.
தூக்குவாளிகளுக்கு நடுவே
என் பழுப்புக் குப்பி.
மூடியைத் திருகி மோந்தவர்
"எந்தா இது, பல்லுவேதனைக்கா?" என்றார்.
பல்லுக்கில்லை சாரே, செடிக்கு.
சிரித்தார். பிறகு யாரும் பார்க்காதபோது
விரல் நுனியில் ஒரு சொட்டு வாங்கிக்
கடைவாயில் தேய்த்துக்கொண்டார்.

உரமூட்டைகளைத் தள்ளிவைத்த பின்னறைதான்
என் ஆய்வுக்கூடம்.
குக்கரில் வெந்த உருளைக்கிழங்கின் தண்ணீர்,
கொஞ்சம் சர்க்கரை, கடற்பாசிக் கூழ்.
கண்ணாடித் தட்டில் ஊற்றி ஆறவைத்தால்
பூஞ்சைக்குப் பந்தி தயார்.
செந்தாள் விழுந்த ஏல இலையிலிருந்து
ஊசிமுனையால் எடுத்த ஒரு புள்ளியை
நடுவில் உட்காரவைத்தேன்.

ஒன்றும் கலக்காத தட்டில்
ஏழாம் நாள் அது விளிம்பைத் தொட்டது.
முதலில் பஞ்சு, பிறகு சாம்பல்,
அப்புறம் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில்
பொட்டுப் பொட்டாக வித்துகள்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கிராம்பெண்ணெய் கலந்த தட்டில்
பதினோரு மில்லிமீட்டர்.
மறுநாள் பதினொன்று.
பத்தாம் நாளும் பதினொன்று.
ஸ்கேலைத் துடைத்து மறுபடி வைத்தேன்,
ஸ்கேல் பொய் சொல்வதுபோல.

கிராம்பு மரம் இதை
நமக்காகச் சேர்த்து வைக்கவில்லை.
ஓடிப்போகக் கால் இல்லாத உயிர்.
கடிக்க வருவதற்கும் அரிக்க வருவதற்கும்
மொட்டுக்குள் காரம் பூட்டி வைத்திருக்கிறது.
மொட்டு விரியுமுன் பறித்து
நாம் பிரியாணியில் போடுகிறோம்.

ஔசேப்பச்சன் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"மதி. நாளைக்கே அடிச்சிரலாம்."

சுருளிவேல் தோளில் ஸ்பிரேயர்.
எப்போதும் மூக்கில் துண்டு கட்டுகிறவன்
அன்று கட்டவில்லை.
"கல்யாண வீட்டு வாசம் அடிக்குது மேடம்,
இதுக்கெதுக்குத் துண்டு?"
மத்தியானம் முழங்கையைக் காட்டினான்,
சிவந்து எரிந்தது.
செடியிலிருந்து வந்ததால் அது பாலாகிவிடுமா?
காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.
சோப்பை நீட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்து எண்ணினோம்.
பலா நிழலில் நூறு செடிக்குப்
பத்தொன்பதில்தான் புதுக் கருகல்.
போன வருஷம் மரம் வெட்டி விற்ற
ரோட்டோரச் சரிவில் எழுபத்திரண்டு.
அதே சரிவில் வெறும் தண்ணீர் அடித்த வரிசையில்
எழுபத்து நான்கு.

பத்து மணி வெயில் ஏறுமுன்
அங்கே மணம் கிளம்பிப் போய்விடுகிறது.
மருந்தே அந்த மணம்தான்.

"அப்போ, நிழலில் வேலை செய்யும்?"
என்று கேட்டார் ஔசேப்பச்சன்,
சரிவில் மிஞ்சிய அடிமரங்களைப் பார்க்காமல்.
ஆமாம் என்று சொல்ல வாய் திறந்து
மூடிக்கொண்டேன்.
நிழலிலும் வெறும் தண்ணீர் அடித்த
ஒரு வரிசை வேண்டும்.
அதை வைக்க மறந்திருந்தேன்.
காப்பாற்றியது எண்ணெயா, பலாவா,
எனக்குத் தெரியாது.
தெரியாது என்றே சொன்னேன்.
வாங்கிய சம்பளத்துக்கு
அது சின்னச் சொல்லாக இருந்தது.

திங்கட்கிழமை மறுபடி ஜீப்.
புதுக் குப்பி, சுருளிவேலுக்கு
முழங்கை தாண்டும் கையுறை,
பலா மரங்களில் கட்டச் சிவப்பு ரிப்பன்.
சாவடியில் அதே ஆள். பையைத் திறக்கச் சொல்லாமல்
விரலை மட்டும் நீட்டினார்.
பல் எப்படி சாரே?
"நாலு மணிக்கூர் நிக்கும். பின்னே போகும்."

ஜீப் நகர்ந்ததும்
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினேன்:
நாலு மணி நேரம்.